சும்மா இருந்து வாங்கிய வீடு

அந்த வீட்டில் இருந்த ஏழு மாதமும் மூன்று அட்டைப்பெட்டிகளை நான் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தன. ஒன்றில் பாத்திரம், ஒன்றில் துணி, இன்னொன்றில் என்ன வைத்துக் கட்டினேன் என்று எனக்கே மறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பிரிக்கப் போனார். இரண்டு தடவையும் கத்தினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் பழங்காநத்தத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படி. மழை பெய்தால் வழுக்கும் என்று வீட்டு ஓனரிடம் நான் சொல்லாத நாளில்லை. ஒரு ஐப்பசி மழையில் கீழே காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். ஒன்பது படியை ஒரே நேரத்தில் இறங்கினேன். தொடை எலும்பு இரண்டாகிப் போனது. உள்ளே கம்பி வைத்தார்கள்.

நான் ரேஷன் கடையில் பொருள் போடுகிறவள். பதினொரு வருஷமாக நின்றுகொண்டே வேலை. வாயும் ஓயாது, காலும் ஓயாது. வரிசையில் இடிக்கிறவனைத் திட்டுவேன், பையை ஓட்டையோடு கொண்டுவருகிறவளைத் திட்டுவேன், ஆனால் ஒரு கைப்பிடி அரிசி குறைத்துப் போட்டேன் என்று எவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளைப் பிடித்துக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம். மின்விசிறியில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரி எந்தெந்த நாளில் பருப்பைக் கருகவிடுகிறாள் என்று தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். தெருவே நின்று பார்க்கும். "தேரு கிளம்பிருச்சுடோய்" என்று கீழ்வீட்டுக்காரன் ஒருநாள் சொன்னான். நாற்காலியில் இருந்தபடியே அவனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் சொன்னது இதுதான். "எலும்பு கூடிருச்சும்மா. இனிமே நடந்தாத்தான் கால். தினம் நடக்கணும், ரோட்டுல, சமதரையில. படி இப்ப வேணாம். இப்படியே படுத்துக்கெடந்தீங்கன்னா மூட்டு இறுகி இந்தக் கால் கட்டையாப் போயிரும்."

கட்டைக் காலோடு ரேஷன் கடையில் யார் நிற்க விடுவார்கள்? அதனால் கீழ்வீடு வேண்டும். எனக்கு வேண்டியது ஒரு வாசல், அதைத் தாண்டினால் தரை. அவ்வளவுதான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். மதுரையைச் சுற்றி அவர் கை படாத சுவிட்ச் பெட்டி இல்லை. எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்திருக்கிறார் என்று கணக்கில்லை, ஆனால் வீடு கேட்டுப் போனபோது ஒருத்தனும் கதவைத் திறக்கவில்லை. திறந்தார்கள், கேள்வி கேட்டுவிட்டு மூடினார்கள். நேராக எவனும் கேட்க மாட்டான். "சொந்த ஊரு எது?" "அந்த ஊருல எந்தத் தெரு?" "கொலசாமி எங்க இருக்கு?" "நீங்க இன்னாரு வகையறாவா?" இந்தச் சுற்று வழியில் போய்த்தான் சாதியைத் தொடுவார்கள். தொட்டதும் முகம் மாறும். ஆனால் அப்போதும் மரியாதை குறையாது, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. "அடடா, இப்பத்தான் மகன் போன் பண்ணான். சென்னையில இருந்து வாரானாம். அவனுக்கு வேணுமில்ல வீடு" என்பார்கள். மதுரையைச் சுற்றியிருக்கிற காலி வீட்டுக்கெல்லாம் சென்னையிலிருந்து ஒரு மகன் வந்துகொண்டே இருந்தான். ஒருத்தனாவது வந்து சேர்ந்தானா என்று தெரியவில்லை. வாசலில் 'வாடகைக்கு' என்ற போர்டு அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். என் மாமனாரின் அப்பா வரைக்கும் அடுத்தவன் வயலில் வேலை பார்த்தவர்கள். மாமனார் காலத்தில் அரை ஏக்கர் சொந்தமாக வந்தது. நாங்கள் இரண்டு பேரும் படித்தோம், வேலைக்குப் போனோம். அந்த ஊரில் எங்கள் தெரு வேறு, ஊர்க்காரர்கள் தெரு வேறு. எங்களுக்கு எந்தத் தெரு என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் அந்தக் கேள்வி.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் அலங்காநல்லூரில் ஒரு மாடு வளர்க்கிறவனிடம் பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தார். நல்ல வண்டி. பெட்ரோல் டேங்க்கில் ஒரு பெரிய ஸ்டிக்கர். திமிலை உயர்த்திக்கொண்டு நிற்கும் ஒரு காளை, அதற்குப் பின்னால் இரண்டு நிறப் பட்டை. எந்த இரண்டு நிறம் என்று எழுத மாட்டேன். மதுரைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டையைப் பார்த்தால் அது எந்தச் சாதி ஆட்கள் வண்டி என்று பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லும். சுரண்டிப் போடுங்கள் என்று வாங்கிய அன்றே சொன்னேன். "சுரண்டுனா பெயின்ட் போயிரும். ஓடுறது வண்டிதான, ஸ்டிக்கரா ஓடுது?" என்றார். அவர் அப்படித்தான். எதையும் அப்படியே விட்டுவிடுவார்.

அலங்காநல்லூர் ரோட்டில், நகரம் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புது நகர். பாதி பிளாட் காலி, சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும். ஒரு மினி பஸ், ஒரு மளிகைக்கடை, தெருவின் கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே ஒரு சின்ன அடுக்குமாடி. மேலே ஓனர் குடும்பம், கீழே இரண்டு வீடு. இரண்டும் காலி. என் வீட்டுக்காரர் அந்த வண்டியில்தான் போய் இறங்கியிருக்கிறார். ஓனர் ரிட்டயர்டு ஆனவர், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். இவரைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்திருக்கிறார்.

"எந்த ஊரு?"

"உசிலம்பட்டிப் பக்கம்ணே."

"அட, அப்ப நம்ம பய. மொதல்லயே சொல்றதுக்கென்ன? உள்ள வா மாப்ள, வீட்டைப் பாரு."

அவ்வளவுதான். தெரு கேட்கவில்லை, குலசாமி கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு சொல் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்து கட்டில் மேல் வைத்தார்.

நடந்ததைக் கேட்டு அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். "தெரிஞ்சா என்ன ஆகும்? ஊரான் சட்டையப் போட்டுக்கிட்டு நான் நடக்கணுமா?" என்றேன். அவர், "ஒனக்கு நடக்கணுமா வேணாமா? அத மட்டும் சொல்லு" என்றார். மேலும் கொஞ்ச நேரம் திட்டினேன். ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டுக்காரம்மா, அதாவது ஓனருடைய மனைவி, விடியும் முன்பே கீழே இறங்கி வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெரிய உடம்பு, பெரிய குரல். அடுப்பை அவரே பற்றவைத்தார். பால் பொங்கி வழிந்ததும், "கெழக்காலதான் வழியுது. கால் சரியாயிரும் பாரு" என்றார். வந்த கையோடு முறையும் வைத்துவிட்டார். "ஒன் வீட்டுக்காரரு எனக்குத் தம்பி மொற. அப்ப நீ என்னய மதினின்னு கூப்பிடு. அம்மா, மேடம்னு கூப்பிட்ட, பல்லைத் தட்டிருவேன்."

மதினி என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் முதல் நாள் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. பத்தாம் நாள் குத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மோசமான பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு இறங்கி வருவார். என் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொள்வார். வாசலிலிருந்து மின்கம்பம் வரைக்கும் முதல் வாரம். அடுத்த வாரம் மளிகைக்கடை. வலிக்கிறது என்று நின்றால், "வலிச்சாத்தான் அது காலு. வலிக்கலேன்னா வெறகு. நட" என்பார். என்னைவிட மோசமாகத் திட்டுகிற ஒருத்தியை முதல்முறையாகப் பார்த்தேன். வீட்டுக்குள் பிடித்து நடந்த வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். இரண்டாவது மாதம் முடியும்போது தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். அன்றைக்கு அந்தம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

வாரத்தில் மூன்று நாள் குழம்பு வரும். ஒரே ஒரு எவர்சில்வர் கிண்ணம், மூடி போட்டது, அடியில் அவர்கள் வீட்டு எழுத்து வெட்டியது. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா? நான் ஏதாவது போட்டுக் கொடுப்பேன். என் கருவாட்டுக் குழம்புக்கு அந்த வீட்டில் பெரிய பேர். "மாப்ள, ஒம் பொண்டாட்டி வச்ச கொழம்புல நேத்து ரெண்டு சட்டி சோறு காலி" என்று ஓனர் மாடியிலிருந்து கத்துவார். என் வீட்டுக்காரர் சிரிப்பார். நான் உள்ளே போய்விடுவேன்.

சாப்பிட்ட பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைப்பேன். வாயைக் கொப்பளிப்பார்களா, பாத்திரத்தைத் தூக்கி எறிவார்களா? இதை நினைத்துக்கொண்டே குழம்பைத் தாளிப்பேன். மேலே யாராவது வேகமாக நடந்தால், தெரிந்துவிட்டது, இறங்கி வருகிறார்கள் என்று தோன்றும். வருவது குழம்பாக இருக்கும். அந்தப் பகுதி அவ்வளவு அமைதி. எப்போதாவது வரும் மினி பஸ்ஸை விட்டால் பஸ் சத்தம் கிடையாது, கடைச் சத்தம் கிடையாது. பழங்காநத்தத்தில் இரைச்சலில் எதையும் யோசிக்க நேரம் இருக்காது. இங்கே புறா சிறகடித்தால்கூடக் கேட்கும். அந்த அமைதியில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் வாசலுக்குப் போவேன். அட்டைப்பெட்டிகளைப் பார்ப்பேன். எந்த நேரமும் கிளம்பலாம், கட்டியது கட்டியபடியே கிடக்கட்டும் என்று தோன்றும்.

ஒருநாள் நடக்கும்போது அந்தம்மா கேட்டார். "ஆமா, ஒங்க கொலசாமி எது? கேக்கணும் கேக்கணும்னு மறந்து மறந்து போறேன்."

"ஐயோ கால் மடங்குது மதினி" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பதறிப்போய் என் முட்டியைப் பிடித்து நீவினார். ரோட்டில், மண்ணில் உட்கார்ந்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "சொல்லித் தொலச்சிருவோம்" என்றேன்.

"டாக்டரு இன்னும் ரெண்டு மாசம்னு சொல்லிருக்காரு. அப்புறம் சொல்லுவோம்."

"அப்புறம்னா எப்ப?"

"நீ கடைக்குப் போக ஆரம்பிச்ச பெறகு."

அதிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது.

பக்கத்துக் கீழ்வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆட்கள் கேட்டு வருவார்கள். ஓனர் பேத்தியைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போய்விடுவார், வீட்டுக்காரம்மாவுக்கு மாடி ஏறி இறங்கி அலுத்துப் போயிற்று. நானோ எந்நேரமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள். ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"நீயே விசாரிச்சிரு. எந்த ஊரு, என்ன ஏதுன்னு கேளு. நம்ம ஆளா இருந்தா மேல அனுப்பு. இல்லேன்னா மகன் வாரான்னு சொல்லிரு."

"ஒங்களுக்கு ஏது மதினி மகன்? ரெண்டும் பொண்ணுல்ல?"

"வீடு கேட்டு வாரவனுக்கு அது தெரியுமாக்கும்?" என்று அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை அப்புறம் கழுவினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உள்ளே போய்க் கழுவினேன்.

சாவி ஒரு வாரம் என்னிடம் இருந்தது. இரண்டு பேர் வந்தார்கள். வீடு சின்னது, தண்ணீர் சரியில்லை என்று நானே ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்காமல் அனுப்பினால் பாவம் இல்லை என்று நினைத்தேன். வீடு கிடைக்காமல் போனவனுக்கு அதில் என்ன வித்தியாசம்? அது அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, தோளில் பை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கான்ட்ராக்டர் வேனில் போயிருந்ததால் பைக் கேட்டுக்கு உள்ளே நின்றது.

"அக்கா, வீடு காலியா இருக்குன்னு மளிகைக்கடையில சொன்னாங்க."

"இருக்கு. யார் யாரு?"

"நானும் எங்கம்மாவும். மிஷன் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். அம்மாவால மாடி ஏற முடியல, அதான் கீழ்வீடா தேடுறேன்."

எழுந்து நின்றேன். இவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. மேலே என்ன சொல்லி அனுப்பலாம் என்று யோசிக்கிறேன். யோசிக்கிற நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? கடையில் முதலில் கார்டைக் கேட்டுப் பழகிய வாய். ஒரு வாரமாக மடியில் சாவி வைத்திருந்த வாய். என்ன கேட்டேன் தெரியுமா?

"எந்த ஊரும்மா ஒங்களுக்கு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தவள், பைக்கைப் பார்த்தாள். காளை, பட்டை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது ஒங்க வண்டியாக்கா?"

"ஆமா."

"சரிக்கா." கோபமில்லை, ஒன்றுமில்லை. சாமான் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பையை மடித்துக்கொண்டு போகிற முகம். அந்த முகத்தை நான் தினம் பார்த்தவள். "நான் வேற எடத்துல பாத்துக்கிறேன். வாரேன்."

"ஏம்மா, நில்லு. ஏ, நில்லும்மா" என்று கத்தினேன். தடியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். பத்தடி தூரம். நான் போய்ச் சேருவதற்குள் ஸ்கூட்டர் தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிவிட்டது. பட்டையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவள் எங்கள் ஆள்தான் என்று புரிந்துவிட்டது. நான் உன் ஆள்தான், இந்தப் பட்டை என்னுடையது இல்லை, இதை எந்தக் குரலில் ரோட்டில் நின்று கத்துவது?

உள்ளே போய் ஒரு சட்டியில் வெந்நீர் வைத்தேன். என் வீட்டுக்காரரின் ஷேவிங் பிளேடு ஒன்றும் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் எடுத்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலைப் பைக்குப் பக்கத்தில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன். துணியை வெந்நீரில் நனைத்து ஸ்டிக்கர் மேல் வைத்தேன். ஓரம் கொஞ்சம் எழும்பியது. பிளேடை உள்ளே விட்டேன். காளையின் வால் முதலில் வந்தது. கொம்பு வருவதற்குள் விரலில் இரண்டு வெட்டு. பட்டைதான் லேசில் வரவில்லை. எத்தனை வருஷ வெயிலோ, டேங்க்கோடு டேங்க்காக ஒட்டிக் கிடந்தது. நகத்தால் பிறாண்டினேன்.

வீட்டுக்காரம்மா காயப்போட்ட வத்தலை எடுக்க இறங்கி வந்தார். "ஏண்டி, வெயில்ல ஒக்காந்து என்ன பண்ற? அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது. அழகாத்தான இருக்கு."

"இது எங்களுது இல்ல மதினி."

"செகண்ட் ஹேண்டு வண்டிதான். தெரியும்ல."

"வண்டியச் சொல்லல." பிளேடைக் கீழே வைத்தேன். "நாங்க அந்த ஆளுங்க இல்ல. உசிலம்பட்டிப் பக்கம்தான். ஆனா நீங்க நெனைக்கிற தெரு இல்ல. அடுத்த தெரு."

எந்த ஆட்கள் என்றும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெயரை என் வாயால் அந்த வாசலில் சொன்னேன்.

அந்தம்மா வத்தல் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல" என்றார்.

"சொல்லிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

நல்ல குணம் இருந்ததால்தான் பதில் இல்லை என்று நினைக்கிறேன். குணம் கெட்டவளாக இருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்லியிருப்பாள். மாடி ஏறிப் போனார். பக்கத்து வீட்டுச் சாவி ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. அதைக் கேட்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் வந்து டேங்க்கைப் பார்த்தார். பெயின்ட் போய் வெள்ளையாக ஒரு திட்டு. திட்டுவார் என்று நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டுத் தொடச்சியா?" என்று மட்டும் கேட்டார். மிச்சமிருந்த பசையை அவர் துடைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். ஆறேகால் வரை நின்றேன். மேலே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரும் இறங்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்தேன். மின்கம்பம், மளிகைக்கடை, தண்ணீர்த் தொட்டி. தோள் இல்லாமல் இடது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொட்டியைத் தாண்டியும் நடந்தேன். முன்பு போகாத இடம் வரைக்கும். கோபத்தில் எவ்வளவு தூரம் வந்தேன் என்று திரும்பும்போதுதான் தெரிந்தது. அவ்வளவு தூரத்தையும் நடந்தே திரும்ப வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஓனர் என் வீட்டுக்காரரை கேட்டில் நிறுத்தினார். மாப்ள என்று கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தார். "மருமகனுக்கு இங்கிட்டு மாத்தல் வருதாம். வீடு வேணும். அவசரமில்ல, ரெண்டு மாசம் எடுத்துக்கங்க."

நான் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டேன். "எந்த மருமகன்ணே? பெரியவரா, சின்னவரா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர், "சரிண்ணே" என்றார். இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை, அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார். "நீங்க கேக்கல, நான் சொல்லல. தப்புல பாதிதான் என்னுது." அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அன்று மதியம் அடுக்களையைக் கழுவும்போது அந்தக் கிண்ணம் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை சுண்டைக்காய்க் குழம்போடு வந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். கேட்டில் மாட்டி வைத்துவிடலாம். என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பலாம். வெறும் கிண்ணமாக.

வெறும் கிண்ணமாகக் கொடுக்க நான் என்ன செத்தா போய்விட்டேன்?

கருவாடு இருந்தது. கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தேன். நன்றாக வந்தது. கிண்ணம் நிறைய ஊற்றி மூடினேன். தடியை ஒரு கையிலும் கிண்ணத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன்.

ஐப்பசிக்குப் பிறகு நான் படியில் கால் வைக்கவில்லை. பதினாறு படி, சிமென்ட். நல்ல காலை முதலில் வை என்று யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது. வைத்தேன். ஐந்தாவது படியில் முதுகு வேர்த்துவிட்டது. ஒன்பதாவது படியில் கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. கிண்ணம் ஆடி மூடி ஓரத்தில் குழம்பு கசிந்து கையில் வழிந்தது. விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது மேலே கதவு திறந்தது.

"கால வச்சுக்கிட்டு எதுக்குடி ஏறுற, கூறுகெட்டவளே? விழுந்து தொலைக்கவா?"

அதே குரல். இரண்டு படி இறங்கி என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் பார்த்தேன், வந்ததைப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. எடுத்தால் நான் விழுந்துவிடுவேன் என்பதால் எடுக்கவில்லையோ என்னவோ. மேலே வந்து சேர்ந்ததும் எடுத்துக்கொண்டார்.

"ஒங்க கிண்ணம்" என்றேன். மதினி என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். வாசனை வந்திருக்கும். உள்ளே ஓனர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், இருமினார். அந்தம்மா கை நீட்டி வாங்கினார். உள்ளே கொண்டுபோகவில்லை. கதவுக்கு வெளியே செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். "பாத்து எறங்கு" என்றார். கதவைச் சாத்தினார்.

ஏறியதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அந்தக் குழம்பைச் சாப்பிட்டார்களா, கொட்டினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் அலமாரியின் மேல் கிண்ணம் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், எரிச்சலாக இருந்தது, பிறகு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்கிறேன், இப்போது எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

அந்த இரண்டு மாதமும் நானே நடந்துபோய் வீடு தேடினேன். வாசலில் நின்றதும், அவர்கள் ஊரைக் கேட்பதற்கு முன்னால், நாங்கள் இன்ன ஆட்கள், வீடு கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டேன். ஆறு வீட்டில் மகன் வந்தான். ஒரு வீட்டில் மகள் வந்தாள். அந்த டீச்சரையும் தேடினேன். மளிகைக்கடைக்காரருக்கு அவளைத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போய் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. எட்டாவது வீட்டுக்காரர், "அதெல்லாம் இருக்கட்டும், மாடி வீடுதான் இருக்கு, கால வச்சுக்கிட்டு ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

ஏறிக் காட்டினேன். இருபது படி. அந்தக் காலை நடக்க வைத்தது யார் என்று கேட்டால், அந்தம்மாதான். அதை மறுக்க மாட்டேன். இப்போது கடைக்குப் போய்விட்டேன், நின்றுதான் பொருள் போடுகிறேன்.

புது வீட்டுக்கு வந்த அன்றே பெட்டிகளைப் பிரித்தேன். மூன்றாவதில் இருந்தது பழங்காநத்தத்து வீட்டின் திரைச்சீலை. இந்த ஜன்னலுக்கு நீளம் பற்றவில்லை. அப்படியே மாட்டியிருக்கிறேன்.